பாலைவன ஷூட்டிங்கா? விளக்குமாறு எடுத்தாயிற்றா?

சென்ற இதழில் ஒட்டகத்தைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினாலும் எழுதினேன், சதுரங்கப்பட்டினம் முதல் செய்யூர் வரை எல்லோருக்கும் பாலைவனத்தில் ஷூட்டிங் வைக்கிற ஆசை வந்துவிட்டது. குறும்படக்காரர்கள், கல்யாண போட்டோகிராபர்கள், ட்ரோன் விடுகிறவர்கள், இவர்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் என்று ஆளாளுக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த முறை பக்கம் முழுக்க மணல். கடற்கரைக்காரனுக்கே மணலைப் பற்றிப் பாடமா என்று கேட்பவர்கள் ராசிபலன் பக்கத்துக்குப் போகலாம்.

கே: பாலைவனத்துக்கு யூனிட் கிளம்பும்போது முதலில் எடுத்து வைக்க வேண்டிய பொருள் எது?
(உதவி இயக்குநர், புதுப்பட்டினம்)

ப: விளக்குமாறு. சிரிக்க வேண்டாம், கணக்குப் பார்ப்போம். கதாநாயகன் வழி தவறி, ஆளே இல்லாத மணல்வெளியில் தனியாக நடக்கிறான் என்பது காட்சி. அவன் நடக்கப்போகிற இடத்தில் ஒளிப்பதிவாளர் முன்பே நடந்திருப்பார். ஃபோகஸ் அளக்க உதவியாளர் நடந்திருப்பார். தெர்மாகோல் பிடிப்பவர், குடை பிடிப்பவர், டச்சப் ஆள், டீ கொண்டுவந்த புரொடக்‌ஷன் தம்பி என்று ஊரே நடந்திருக்கும். ஒரு டேக் முடிந்தால் கதாநாயகனின் காலடியே அடுத்த டேக்குக்கு எதிரி.

மணலில் வேலை செய்து பழகிய யூனிட், காமெரா பார்க்கிற பக்கத்தை முதல் நாளே கயிறு கட்டி அடைத்துவிடும். வண்டி எந்த வழியாக வரும், டீ எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதுகூட ஷாட் பட்டியலோடு சேர்த்து எழுதப்படும். அப்படியும் விழுகிற தடத்தை நீளக் கம்பு கட்டிய விளக்குமாறாலும், சருகு ஊதித் தள்ளும் மெஷினாலும் அழிக்க வேண்டும். ராத்திரிக் காற்று மட்டும் பேட்டா வாங்காமல் பெருக்கிக் கொடுக்கும். அதனால் கால் படாத மணல் வேண்டிய வைட் ஷாட் எல்லாம் விடியலில். குளோஸ்-அப் எல்லாம் மிதித்துத் துவைத்த பிறகு.

கே: ஒட்டகத்துக்கு நடிப்பு வருமா?
(குதிரை சவாரிக்காரர், மாமல்லபுரம்)

ப: நன்றாக வரும். ரீடேக்தான் வராது. இந்தியாவுக்குள் எடுப்பதாக இருந்தால் ஒட்டகத்தின் சம்மதத்துக்கு முன்னால் விலங்குகள் நல வாரியத்தின் சம்மதம் வாங்க வேண்டும். அந்த வாரியத்தின் தலைமையகம் பல காலம் நம் சென்னையில்தான் இருந்தது. 2018-ல் ஹரியானாவுக்குப் போய்விட்டது. ஒட்டகத்தை விட அது வேகமாகப் போயிற்று என்று அப்போது கோடம்பாக்கத்தில் புலம்பாத புரொடக்‌ஷன் மேனேஜர் இருந்திருக்க மாட்டார்.

கே: தமிழ் சினிமா எந்தெந்தப் பாலைவனத்துக்குப் போயிருக்கிறது?
(கல்லூரி மாணவி, செங்கல்பட்டு)

ப: ஒரு காலத்தில் பாலைவனம் பாட்டுக்கு மட்டும்தான். கதை செட்டிநாட்டு வீட்டில் நடக்கும். வயலின் எடுத்தால் பிரமிடு தெரியும். ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000) படத்துக்காக ராஜீவ் மேனன் எகிப்துக்குப் போனது அப்படித்தான். ‘அயன்’ (2009) பாட்டுக்கு நமீபியாவின் மணல்மேடுகள். அதை இயக்கிய கே.வி.ஆனந்த் பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்து ஒளிப்பதிவாளர் ஆனவர். இடம் பார்க்கிற கண் அங்கிருந்து வந்தது என்பது என் ஊகம்.

‘எந்திரன்’ (2010) பாட்டு ஒன்றில் வெள்ளை மணலும் இடையிடையே நீலக் குளங்களுமாக வருகிறதே, அது பிரேசிலில் இருக்கிற லென்சாய்ஸ் மரன்ஹென்செஸ் தேசியப் பூங்கா. அங்கே மழை தாராளமாகப் பெய்யும். அந்தக் குளங்கள் முழுக்க மழைத் தண்ணீர். பூகோள வாத்தியார் கணக்கில் அது பாலைவனமே இல்லை. ஆனால் திரையில் அதைவிட அழகான பாலைவனம் தமிழில் வந்ததில்லை என்பேன்.

பாலைவனம் பாட்டிலிருந்து இறங்கிக் கதைக்குள் வந்து உட்கார்ந்தது ‘மரியான்’ (2013) படத்தில். கடல்புறத்திலிருந்து சூடானுக்கு வேலைக்குப் போய்க் கடத்தப்படுகிற மீனவன் கதை. சூடானாக நடித்தது நமீபியா. அப்புறம் ‘தீரன் அதிகாரம் ஒன்று’ (2017) ராஜஸ்தானுக்குப் போனது. ‘விடாமுயற்சி’ (2025) அஜர்பைஜானின் வறண்ட நெடுஞ்சாலைக்குப் போனது. இப்போதெல்லாம் பாலைவனத்தில் டூயட் குறைந்து அடிதடி கூடியிருக்கிறது. டான்ஸ் மாஸ்டர்கள் தப்பித்தார்கள்.

கே: எந்த மாதம் போகலாம்?
(புகைப்படக் கலைஞர், கூவத்தூர்)

ப: எந்த நாடு என்று சொல்லுங்கள் முதலில். அரபு நாடுகளும் ராஜஸ்தானும் என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மார்ச் பிறந்தால் எகிப்துப் பக்கம் ‘கம்சீன்’ என்கிற மணற்காற்று. ஜூன், ஜூலையில் வளைகுடாவில் ‘ஷமால்’. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் தொழிலாளிகளை வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். அந்த நேரத்தில் மணலை எடுத்தும் பிரயோஜனம் இல்லை. உச்சி வெயிலில் நிழலே விழாது, மணல்மேடு தட்டைப் பலகையாகத் தெரியும். மேட்டுக்கு முதுகும் விலாவும் வருவது சூரியன் சாய்ந்திருக்கிற காலையிலும் மாலையிலும்தான். கால்ஷீட்டை இரண்டாக வெட்டுங்கள். நடுவில் எல்லோரும் கூடாரத்தில் தூங்கட்டும், தயாரிப்பாளர் உட்பட.

நமீபியா என்றால் கதை தலைகீழ். அது பூமத்திய ரேகைக்குத் தெற்கே. நமக்கு அக்னி நட்சத்திரம் அடிக்கிறபோது அங்கே குளிர்காலம் தொடங்குகிறது. கடலோர ஸ்வகோப்முண்ட் பக்கம் விடியற்காலையில் கடல்மூடுபனி வேறு மணல்மேட்டை மூடிவிடும். காலை ஆறு மணிக்கு ஷாட் வைத்துவிட்டுப் பத்து மணி வரை பனியைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்க நேரலாம்.

ரம்ஜான் மாதம் பிறைக் கணக்கில் வருவது. ஆண்டுதோறும் ஏறக்குறைய பதினொரு நாள் முன்னே நகரும். போன தடவை ஏப்ரலில் வந்தது என்று பழைய டைரியைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். உள்ளூர் ஓட்டுநரும் உதவியாளர்களும் நோன்பில் இருக்கும்போது எட்டு மணி நேரம் மணலில் டிராலி தள்ளச் சொல்வது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது.

கே: பாலைவனத்தில் மழை வந்தால்?
(விவசாயி, திருக்கழுக்குன்றம்)

ப: சந்தோஷம் உங்களுக்கு, கண்ணீர் தயாரிப்பாளருக்கு. ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’ படத்தை ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் பக்கம் எடுப்பதாக இருந்தார்கள். பெருமழை பெய்து அந்தச் செம்மண் காடு முழுக்கப் பூப்பூத்துவிட்டது. உலகம் அழிந்த கதைக்குப் பூந்தோட்டம் ஒத்துவருமா? மூட்டை முடிச்சு, நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகளோடு நமீபியாவுக்குப் போய் 2012-ல் எடுத்தார்கள். இதற்கு இன்ஷூரன்ஸ் கோர இடம் இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். பூ பூத்த பிறகு கேட்காதீர்கள்.

கே: ‘ஆடுஜீவிதம்’ மலையாளப் படக்குழு ஜோர்டானில் மாட்டிக்கொண்டதே, அந்த மாதிரி நிலைமைக்கெல்லாம் முன்கூட்டித் திட்டம் போட முடியுமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், சதுரங்கப்பட்டினம்)

ப: நல்லாசிரியர் கேள்வி. வைரஸ் வரும் என்று யாரும் திட்டம் போட முடியாது. திரும்பி வர முடியாமல் போகலாம் என்று திட்டம் போடலாம்.

நடந்ததை முதலில் சொல்கிறேன். பென்யாமின் நாவலில் வருவது சவுதி அரேபியா. இயக்குநர் பிளெஸ்ஸி எடுத்தது ஜோர்டானின் வாடி ரம்மில். 2020 மார்ச்சில் அங்கே வேலை மும்முரமாக நடக்கும்போது உலகம் கதவைச் சாத்திக்கொண்டது. விமானம் நின்றது, படப்பிடிப்பும் நின்றது. பிரிதிவிராஜ் உட்பட 58 பேர் பாலைவன முகாமிலேயே இருந்து, மே 22-ஆம் தேதி சிறப்பு விமானத்தில் கொச்சி வந்து இறங்கினார்கள். அதற்குப் பிறகு 2022-ல் அல்ஜீரியாவின் சஹாராவுக்கும் மறுபடி ஜோர்டானுக்கும் போய் மீதியை முடித்தார்கள். படம் வந்தது 2024 மார்ச் 28.

இதில் எனக்குப் பெரிதாகப்படுவது பணம் இல்லை, உடம்பு. பட்டினியில் வாடிய ஆளாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எடை குறைத்திருந்தார் கதாநாயகன். காமெராவைப் பெட்டியில் பூட்டி வைக்கலாம். குறைத்த எடையை எந்தப் பெட்டியில் பூட்டுவது? மறுபடி போகும்போது மறுபடி முதலிலிருந்து குறைக்க வேண்டும். ஆகவே நடிகரின் உடல் மாற்றம் தேவைப்படுகிற காட்சிகளை, எத்தனை செலவானாலும், பயணத்தின் முதல் பாதியில் வையுங்கள். கூட்டம் கூடுகிற காட்சியையும் பாட்டையும் பின்னால் தள்ளுங்கள். எங்கே வேண்டுமானாலும் எடுக்கக் கூடியதைக் கடைசியில் வைத்தால், பாதியில் வந்தாலும் படம் பிழைக்கும்.

பிறகு, வருகிறவர் ஒவ்வொருவரின் தினசரி மாத்திரையும் பயண நாளைப் போல இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளின் சீட்டு ஆங்கிலத்தில், டாக்டர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். நம் ஊரில் கடையில் சுலபமாகக் கிடைக்கிற சில வலி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் வளைகுடா நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். இன்ஷூரன்ஸில் ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்று பாருங்கள். இந்தியத் தூதரகத்தின் எண் இயக்குநரிடம் மட்டும் இருந்தால் போதாது, சமையல்காரரிடமும் இருக்க வேண்டும். நெருக்கடியில் நிதானமாக இருப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

கே: எல்லோரும் ஏன் ஜோர்டானுக்கே ஓடுகிறார்கள்? மணல் எல்லா இடத்திலும் மணல்தானே?
(அதே ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ப: ஒரு கடிதத்தில் இரண்டு கேள்வி எழுதியிருக்கிறீர்கள். மணல் ஒன்றுதான், அனுமதி வேறு. 1962-ல் வந்த ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ வாடி ரம்மின் செம்பாறைகளை உலகத்துக்குக் காட்டியது. 2003-ல் அரச திரைப்பட ஆணையம் என்று ஒன்று வைத்தார்கள். காடு, ராணுவம், சுங்கம், தொல்லியல் என்று தயாரிப்பாளர் ஆபீஸ் ஆபீஸாக அலையாமல் ஓர் இடத்தில் பேசி முடிக்க வழி செய்தார்கள். ‘தி மார்ஷியன்’ அதே மண்ணைச் செவ்வாய்க் கிரகமாகக் காட்டியது, ‘டூன்’ வேறொரு கிரகமாகக் காட்டியது. பல ஆண்டு இப்படி வந்து போனதில் உள்ளூர் பெதுயின் ஓட்டுநர்களுக்கு, எந்த மேட்டுக்குப் பின்னால் வண்டியை ஒளித்தால் ஃபிரேமில் வராது என்பது உதவி இயக்குநரைவிட நன்றாகத் தெரியும். அந்த அறிவுக்குத்தான் காசு. வாடி ரம் 2011 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பகுதி என்பதால் பாறையில் ஆணி அடிக்கவோ, கண்ட இடத்தில் வண்டி விடவோ முடியாது என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கே: இத்தனை பேரும் காமெரா, லைட் என்று கேட்பார்கள். நான் வேறு ஒன்று கேட்கிறேன். கழிப்பறை?
(காஸ்ட்யூம் உதவியாளர், கல்பாக்கம்)

ப: இந்த வாரத்துக் கேள்விகளில் முதல் பரிசு உங்களுக்கே, அம்மா. மறைவுக்கு ஒரு புதர்கூட இல்லாத இடம் பாலைவனம். கேரவன் மணலில் புதைந்துவிடும் என்று தார்ச் சாலையிலேயே நிறுத்திவிடுவார்கள். அது கதாநாயகிக்கு மட்டும். மேக்கப், காஸ்ட்யூம், நடனக் குழுவில் இருக்கிற பெண்கள் என்ன செய்வார்கள்? காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். நாற்பது டிகிரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் தலைசுற்றி விழுவார்கள். யூனிட் டாக்டர் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, ‘வெயில் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று எழுதுவார். ஒத்துக்கொள்ளாதது வெயில் இல்லை, புரொடக்‌ஷன் திட்டம்.

ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஐந்து லிட்டர் குடிதண்ணீர் என்று கணக்கெழுதுகிற மேனேஜர், அதே தாளில் அடுத்த வரியில் பெண்களுக்கு எத்தனை கழிப்பறை, லொக்கேஷனிலிருந்து எத்தனை அடி தூரம், போய்வர எந்த வண்டி என்று எழுத வேண்டும். முதல் வரி மட்டும் எழுதினால் அந்தத் தண்ணீர் பாட்டிலிலேயே இருக்கும். நீங்கள் வேலைக்கு ஒப்புக்கொள்ளும்போதே இதைக் கேளுங்கள். கேட்டால் வாய்ப்புப் போய்விடும் என்று பயமாக இருந்தால், இந்தப் பக்கத்தைக் கிழித்து மேனேஜர் மேஜையில் வைத்துவிடுங்கள்.

கே: காமெராவைச் சுங்கத்தில் பிடித்துக்கொண்டால்?
(கணக்காளர், செங்கல்பட்டு)

ப: ‘ஏடிஏ கார்னே’ என்று ஒரு புத்தகம் உண்டு. பொருளுக்குக் கடவுச்சீட்டு மாதிரி. இந்தியாவில் அதைக் கொடுப்பது ஃபிக்கி என்கிற வர்த்தகக் கூட்டமைப்பு. ஒவ்வொரு பொருளின் பெயர், சீரியல் எண், மதிப்பு எல்லாம் எழுதி, பிணைத்தொகை கட்டி வாங்க வேண்டும். ஓராண்டு செல்லும். போகிற நாட்டில் வரி கட்டாமல் உள்ளே போய் வரலாம். அமீரகம், கத்தார், மொராக்கோ ஏற்கின்றன. சவுதி 2024-ல் சேர்ந்தது. ஏற்காத நாடு என்றால் அங்கிருக்கிற லைன் புரொடியூசர் பிணை கட்டி எடுத்துத் தர வேண்டும். அவர் யார், எப்படிப்பட்டவர் என்பதை அந்த ஒரு வேலையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

ஒன்றிரண்டு காமெராவோடு போகிற போட்டோகிராபர்கள் கிளம்பும்போது மீனம்பாக்கம் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது, உங்கள் பழைய காமெராவைத் துபாயில் புதிதாக வாங்கியதாக அதிகாரி நினைப்பார். அவ்வளவு பளபளப்பாக வைத்திருந்ததற்கு நீங்கள் பெருமைப்படலாம், வரி கட்டிவிட்டு.

கே: என்னிடம் இரண்டு ட்ரோனும் பை நிறைய பேட்டரியும் இருக்கின்றன. விமானத்தில் விடுவார்களா?
(ட்ரோன் ஆபரேட்டர், கோவளம்)

ப: பேட்டரியை விடுவார்கள், ட்ரோனைத்தான் விடமாட்டார்கள். லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-ஹவர் வரை சிக்கல் இல்லை. 100-லிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு ஆளுக்கு இரண்டு. அதற்கு மேல் பயணிகள் விமானத்தில் உங்களோடு வராது. சினிமா காமெராவின் வி-மவுன்ட் பேட்டரியில் பல 98 என்று அச்சிட்டு வருவது இந்தக் கணக்குக்குத்தான். ஒருவரே இருபது பேட்டரி தூக்கிப் போனால் சந்தேகம் வரும். யூனிட்டில் எல்லோர் பையிலும் பிரித்துப் போடுங்கள், முனையில் டேப் ஒட்டி.

மொராக்கோ, எகிப்து, ஜோர்டான் மூன்றிலும் முன் அனுமதி இல்லாத ட்ரோன் விமான நிலையத்தைத் தாண்டாது. அங்கேயே உரிமம் உள்ள ஆளை வாடகைக்கு எடுப்பது மலிவு. வரும்போது ‘பாலைவனத்தில் சிக்னல் இல்லை’ என்று வாங்கிய சாட்டிலைட் போனை மறந்துபோய்ப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். துரையா, இரிடியம் போன்களை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் கைது வரைக்கும் போகும்.

இவ்வளவு ஏன், நம் ஊரிலேயே பயிற்சி எடுக்கிறேன் என்று கல்பாக்கம் அணுமின் நிலையத்துப் பக்கம் பறக்கவிடாதீர்கள். அது ட்ரோனுக்கு ஆகாத வானம். ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று போட்டிருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: மணலிலிருந்து காமெராவைக் காப்பாற்றுவது எப்படி?
(ஸ்டுடியோ உரிமையாளர், மதுராந்தகம்)

ப: லென்ஸ் மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வண்டிக்குள், கண்ணாடி ஏற்றிவிட்டு. இரண்டு லென்ஸுக்கு இரண்டு பாடி எடுத்துப் போவது ஊதாரித்தனம் இல்லை. உடையில் தங்கியிருக்கிற மணலைத் தட்டுவது காமெராவுக்கு எதிர்ப்பக்கம். துணியால் லென்ஸைத் தேய்ப்பதற்கு முன் ஊதுங்கள். இல்லாவிட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான்.

நம் கடற்கரை மணல் ஈரமும் உப்புமாக ஒட்டிக்கொள்ளும். பாலைவன மணல் ஒட்டாது, நுழையும். பொத்தான் இடுக்கு, டிராலி சக்கரம், கிம்பல் மோட்டார், சாப்பாடு, எல்லாவற்றிலும். வண்டியின் ஏசியிலிருந்து வெளியே எடுத்ததும் கண்ணாடியில் பனி பூக்கிற தொல்லை வளைகுடாக் கடலோரத்திலும் உண்டு, ஈ.சி.ஆரிலும் உண்டு. பெட்டியைத் திறக்காமல் நிழலில் அரை மணி வைத்தால் சரியாகிவிடும்.

பல காமெராக்களுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்கிற வரம்பு 40 டிகிரி. கையிலிருக்கிற ஐபோனுக்கு 35-தான். ஆகவே குடை முதலில் காமெராவுக்கு, பிறகு காமெராமேனுக்கு. எடுத்த காட்சிகளுக்கு அன்றன்றைக்கே மூன்று நகல். ஒன்று இயக்குநரிடம், ஒன்று மேனேஜரிடம், ஒன்று வேறு வண்டியில், வேறு ஊரில். மூன்றையும் ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

கே: மணப்பெண் துபாய் மணல்மேட்டில் பிரீ-வெட்டிங் ஷூட் வேண்டும் என்கிறார். டூரிஸ்ட் விசாவில் நைசாகப் போய் எடுத்துவிட்டு வந்துவிடலாமா?
(கல்யாண போட்டோகிராபர், மாமல்லபுரம்)

ப: போகலாம். கல்யாண ஆல்பத்தில் காவல் நிலையமும் இருந்தால் பரவாயில்லை என்றால். டூரிஸ்ட் விசாவில் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்யக் கூடாது. தொழில்முறைப் படப்பிடிப்புக்குத் துபாயில் திரைப்பட ஆணையத்தின் அனுமதி வேண்டும். அதற்கும் உள்ளூர் உரிமம் உள்ள நிறுவனம் மூலமாகத்தான் போக வேண்டும். பின்னணியில் யாரோ ஒரு குடும்பம் நிற்க, அவர்களைக் கேட்காமல் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவது அங்கே குற்றம். அங்கேயே தொழில் நடத்துகிற தமிழ்ப் புகைப்படக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவரோடு கூட்டுச் சேருங்கள். அனுமதி அவருடையது, பெயர் உங்கள் இருவருடையது, மாப்பிள்ளை வீட்டுப் பணம் நிம்மதியானது.

கே: பாலைவன நாட்டு அரசாங்கங்கள் படம் எடுக்கக் காசு திருப்பித் தருகின்றனவாமே?
(வட்டிக்குக் கொடுப்பவர், ஊர் பெயர் வேண்டாம் என்கிறார்)

ப: தருகின்றன. மொராக்கோ அந்த நாட்டில் செய்த செலவில் 30 சதவீதம். அபுதாபி 2013 முதல் 30 சதவீதம், 2025 முதல் 35-க்கும் மேல். சவுதி 40 சதவீதம் வரை என்று அறிவித்திருக்கிறது. அந்த நாட்டில் 2018 வரை முப்பத்தைந்து ஆண்டு தியேட்டரே இல்லை என்பது ஞாபகமிருக்கட்டும்.

ஆனால் அந்த நாட்டில் செலவழித்ததற்கு மட்டும்தான், குறைந்தபட்சச் செலவு வரம்பைத் தாண்டினால்தான், ரசீதெல்லாம் தணிக்கையான பிறகுதான் பணம் வரும். மொய் வரும் என்று நம்பிக் கடன் வாங்கிப் பந்தி போடாதீர்கள். நீங்கள் வட்டிக்குக் கொடுக்கிறவர் என்பதால் தணிக்கை முடிகிற வரைக்குமான வட்டியை உங்களுக்குச் சந்தோஷமாகக் கணக்குப் போடத் தெரியும். தயாரிப்பாளருக்குத்தான் தெரியாது.

கே: யூனிட்டுக்கு இட்லி?
(சமையல் மாஸ்டர், செய்யூர்)

ப: வெயில் ஊர்தானே, மாவு நன்றாகப் பொங்கும் என்று நினைத்தீர்களா? பகலில்தான் வெயில். குளிர்காலத்தில் வாடி ரம், ஜெய்சல்மேர் பக்கம் ராத்திரி ஸ்வெட்டர் போட்டும் பல் தந்தியடிக்கும். மாவு அப்படியே சிவனே என்று இருக்கும். மாவுப் பாத்திரத்துக்கும் கம்பளி போர்த்துங்கள், இல்லையென்றால் உப்புமா. மூன்று நாள் உப்புமா போட்டால் மணற்புயலைவிட மோசமான நிலவரம் யூனிட்டில் உருவாகும்.

கே: நீங்கள் அசல் பாலைவனத்தைப் பார்த்திருக்கிறீர்களா?
(பெயர் சொல்ல விரும்பாத நண்பர்)

ப: மே மாதம் மதியம் ஒரு மணிக்குச் செங்கல்பட்டில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன்.

கே: வெளிநாடு கட்டுப்படியாகாது. இந்தியாவிலேயே மலிவாக?
(குறும்பட இயக்குநர், திருப்போரூர்)

ப: ஜெய்சல்மேர் அருகே சாம் மணல்மேடு. சுற்றுலா ஜீப்புகள் வருவதற்கு முன்னால், விடியலில் எடுக்க வேண்டும். எல்லைக்குப் பக்கத்தில் போகப் போகத் தனி அனுமதி. தமிழ்நாட்டுக்குள் என்றால் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடு. அந்தச் சிவப்பு வேறெங்கும் கிடைக்காது. வைட் ஷாட் வைத்தால் பனைமரமும் முந்திரியும் உள்ளே வந்துவிடும், அரேபியா என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதை ஏன் அரேபியா என்று சொல்ல வேண்டும்? தேரிக்காடு என்றே ஒரு கதை எழுதுங்களேன். எனக்குத் தெரிந்து மிச்சமாகிற ஒரே செலவு அதுதான்.

கே: சட்ராஸ் டச்சுக் கோட்டையையும் பக்கத்துக் கடற்கரை மணலையும் வைத்துப் பாலைவனக் கோட்டை என்று ‘சீட்’ பண்ணலாமா? ராத்திரிக் காட்சி, பெரிய லைட், கடல் தெரியாது.
(உதவி ஒளிப்பதிவாளர், சதுரங்கப்பட்டினம்)

ப: யோசனை கெட்டிக்காரத்தனமானது. இரண்டு தடை இருக்கிறது. கோட்டை மத்தியத் தொல்லியல் துறையுடையது. ட்ரைபாட் ஊன்றுவதற்கே அனுமதி வேண்டும், அதற்குப் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிற சென்னை வட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும். முன்கூட்டியே போங்கள். உள்ளே டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. 1782-ல் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஆங்கிலக் கப்பற்படையும் மோதிக்கொண்டது இதே கடலில். இவ்வளவு கதை இருக்கிற இடத்தை எங்கோ ஒரு பாலைவனம் என்று காட்டுவதில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அது உங்கள் படம்.

இரண்டாவது தடைதான் பெரியது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நம் கடற்கரைக்குப் பங்குனி ஆமை முட்டையிட வருகிறது. ராத்திரியில்தான் வரும். வெளிச்சமும் சத்தமும் இருந்தால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். ஏறக்குறைய ஐம்பது நாளில் பொரித்து வருகிற குஞ்சுகள் வெளிச்சம் இருக்கிற பக்கத்தைக் கடல் என்று எண்ணி ஊரும். உங்கள் பெரிய லைட்டைப் பார்த்துச் சாலைப் பக்கம் ஏறி வந்தால், விடிவதற்குள் நாய்க்கும் காக்கைக்கும்தான். பாதுகாக்கப்பட்ட உயிரினம் என்பதால் வனத்துறை வழக்கும் வரும். மணலில் படர்ந்திருக்கிற அடப்பங்கொடியும் உங்கள் கண்ணுக்குத் தொந்தரவாகப்படும். அதைப் பிடுங்கினால் அந்த மணலே அடுத்த காற்றில் அங்கே இருக்காது.

ஆகவே ஜனவரியிலிருந்து, கடைசிக் குஞ்சும் கடலுக்குப் போகிற ஜூன் வரை, ராத்திரிக் காட்சியைப் பகலில் எடுத்து, கிரேடிங்கில் இருட்டாக்கிக்கொள்ளுங்கள். வானம் ஃபிரேமில் வராமல், சூரியனை முதுகு விளக்காக வைத்து எடுத்தால் நிலா வெளிச்சம் என்றே நம்புவார்கள். விளக்கு வாடகையும் மிச்சம்.